வைகாசி வரைக்கும்

ஐந்து ஊர்கள் போதாது என்று அருணகிரிக்குத் தோன்றியது.

காலையில் அவர் வரைபடத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலைகளிலும் கூழாங்கற்களை வைத்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஐந்து ஊர்களைச் சுற்றிப் பச்சைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அந்தப் பக்கம் இருபத்திரண்டு ஊர்கள் வட்டமில்லாமல் கிடந்தன.

"அம்மா, இந்த வருஷம் ஆத்தைத் தாண்டிடலாம்னு இருக்கேன்."

தையல்நாயகி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தாண்டி?"

"விரதத்தைச் சொல்லணும். இருபத்திரண்டு ஊரு பாக்கி."

"ஏற்கெனவே சொன்ன ஊர்ல அது எப்படி இருக்கு?"

"எல்லாரும் கடைப்பிடிக்கறாங்கம்மா. ஒரு ஊரு கூட விடலை."

"கடைப்பிடிக்கறாங்கன்னு எனக்கும் தெரியும். அது எப்படி இருக்குன்னு கேட்டேன்."

அருணகிரி வரைபடத்தைப் பார்த்தார். 

அவர் முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்தவர். சங்கிலி பிடித்து, கல் நட்டு, ஒரு அடி கூடக் குறைய இல்லாமல் நிலம் அளந்தவர். மனைவி இறந்த பிறகு ஒரு நாள் வெள்ளேரிக் கரைக்கு வந்து உட்கார்ந்தார். கரையின் கோடியில் யாரோ ஒரு சாமியாரின் சமாதியும், அதைப் பெருக்கி விளக்கேற்றும் தையல்நாயகியும் இருந்தார்கள். அப்போது அருணகிரிக்கு அறுபத்தொரு வயது, அந்த அம்மாளுக்கு நாற்பத்து நாலு. "தங்கச்சி வயசுல ஒரு குருவாய்யா உமக்கு?" என்று ஊரில் சிரித்தார்கள். அருணகிரியும் கூடச் சிரித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

விரதம் பிறந்த கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரியவைத்தவரே அருணகிரிதான்.

கார்த்திகையில் வெள்ளேரிக்குப் பறவைகள் வரும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா என்று ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்கள் கிளை தெரியாமல் வெளுத்துப்போகும். வைகாசியில் குஞ்சுகளோடு கிளம்பிப் போகும். ஏழு வருஷத்துக்கு முன், மாசித் திருவிழாவில், யாரோ கரைமேல் அதிர்வேட்டு வைத்தார்கள். அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பியது. கூடுகள் ஆடின. சிறகு முளைக்காத குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று சேற்றில் விழுந்தன.

மறுநாள் காலையில் தையல்நாயகி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, செத்த குஞ்சுகளைப் பொறுக்கி, ஒரு முறத்தில் அடுக்கினார். முறத்தைக் கொண்டுபோய்க் கோவில் வாசலில், விழாக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பாய்க்கு முன்னால் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஊர் கூடி, கார்த்திகை முதல் வைகாசி வரை ஏரிக்கரையில் வெடி இல்லை, மேளம் இல்லை என்று கற்பூரம் ஏற்றி விரதம் எடுத்துக்கொண்டது.

"அம்மா ஒரு வார்த்தை பேசலை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை." கதையில் இந்த இடத்துக்கு வரும்போது அருணகிரியின் குரல் தானாகவே இறங்கும். கேட்கிறவர்கள் மூச்சு விட மாட்டார்கள்.

தையல்நாயகி காம்புகளை ஒதுக்கினார்.

"அஞ்சு ஊருக்கும் போயிட்டு வாங்க. விரதம் எப்படி அங்க போய்ச் சேர்ந்துச்சு, போன இடத்துல என்ன செய்யுதுன்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் ஆத்தைத் தாண்டலாம்."

"யாரைக் கேக்கட்டும்?"

"முதல்ல பேசறவங்க சொல்றதை எழுதிக்குங்க. ஆனா கடைசியா பேசறவங்களைக் கேக்காம வராதீங்க."

"பேசாதவங்க இருந்தா?"

"அவங்க வீட்டுல ஒரு வேளை சாப்பிடுங்க."

வெள்ளேரியில் விசாரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கண்ணெதிரே இருந்தது. போன வருஷம் ஆயிரத்து இருநூறு கூடுகள் என்று அருணகிரியே எண்ணி எழுதியிருந்தார். ஒரு புது நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டு பங்குனி முதல் வாரத்தில் அவர் நடந்தார்.

ஓடைமேட்டில் அவரைக் கண்டதும் நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"வெள்ளேரிக்காரங்க கரையில மட்டும்தானே நிறுத்தினாங்க? நாங்க ஊரு முழுக்க நிறுத்திட்டோம். கல்யாணத்துக்குக் கூட மேளம் கிடையாது. எழுதிக்குங்க சர்வேயர்."

"கெட்டி மேளம் இல்லாம தாலி எப்படிக் கட்டறீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! முதல் கல்யாணத்துல மாப்பிள்ளை தாலியைக் கையில பிடிச்சிக்கிட்டு மேளம் கொட்டும் கொட்டும்னு நிக்கறான். இந்தப் பொண்ணு தலை குனிஞ்சது குனிஞ்சபடி கழுத்து வலிச்சுப்போச்சு. கடைசியில அதுவே அவனைக் கிள்ளிடுச்சு."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அருணகிரியும் சிரித்தார். ஊர் முழுக்க என்று அவர்களுக்குத் தோன்றியது எப்படி என்று கேட்டார்.

"நீங்கதானே வந்தப்ப சொன்னீங்க. வெள்ளேரி இவ்வளவு செஞ்சிருக்கு, உங்களால இன்னும் கொஞ்சம் முடியாதான்னு. ரோஷம் வந்துடுச்சு."

அப்படிச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. நல்ல யுக்தி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டதும் நினைவிருந்தது. எழுதிக்கொண்டார்.

சிறுதாங்கலில் ஓடைமேட்டைவிட ஒரு படி மேலே போயிருந்தார்கள். ஊருக்குள் உரக்கப் பேசக் கூடாது. சண்டை போட வேண்டுமென்றால் எல்லைக்கல்லுக்கு அந்தாண்டை போய்விட வேண்டும்.

"போறாங்களா?"

"போறாங்க. ஆனா எல்லைக்கல்லு முக்கால் மைலு. பாதிப் பேரு போய்ச் சேர்றதுக்குள்ள எதுக்குச் சண்டைன்னே மறந்துட்டு, பேசிக்கிட்டே திரும்பிடறாங்க" என்றாள் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி. அவள்தான் அந்த ஊரில் கடைசியாகப் பேசியவள். "என் மாமியாரும் நானும் மூணு தடவை போய்ட்டு வந்துட்டோம். இப்ப அவங்களுக்கும் கால் வலி, எனக்கும் கால் வலி. சண்டையே இல்லை."

அருணகிரிக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்று அவர் எழுதியது நான்கு பக்கம். சிறுதாங்கல் குளத்தில் இருநூறு கூடுகள் இருந்தன. போன வருஷத்தைவிட அறுபது அதிகம்.

பனையடியில் பறவைகள் குறைவு. கட்டுப்பாடு அதிகம். அங்கேயும் முதலில் பேசியவர்கள் பெருமையாகப் பேசினார்கள். பிறகு ஒருவர் கூட்டிக்கொண்டுபோய்ப் பம்புசெட்டுக் கொட்டகையைக் காட்டினார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருமல்.

"கார்த்திகையில வந்தேன். இருமினா ஊருக்குள்ள கேக்குதாம்" என்றார். பேசி முடிப்பதற்குள் இருமினார். துண்டை வாயில் அடைத்து அடக்கிக்கொண்டார். "சாப்பாடு வந்துடுதுங்க. ஒண்ணும் குறையில்லை. பேத்தி பொறந்திருக்கா, இன்னும் பாக்கலை. வைகாசி வந்தா வீட்டுக்குப் போயிடுவேன்."

'இருமல் உள்ளவர் ஒருவர், தோட்டத்தில்' என்று அருணகிரி எழுதினார். எழுதிவிட்டு வெகுநேரம் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

கல்மேடு ஐந்தாவது ஊர். பெயருக்கேற்ற ஊர். மழை பெய்தால் தண்ணீர் அங்கே ஒரு நாள் கூட நிற்காது. ஏரி இல்லை, குளம் இல்லை, நிழலுக்கு நாலு வேப்பமரம். அந்த மரங்களில் காக்கை தவிர எதுவும் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது அவருக்குத் தன் செருப்புச் சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது. எதிரே ஆட்டு மந்தை ஒன்று கடந்து போயிற்று. ஆடுகளின் கழுத்து மணிகளுக்குள் கந்தல் துணி திணித்திருந்தது. குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். குடத்தைத் தரையில் வைக்கும்போது கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஊர்த்தலைவர் மாசிலாமணி ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். காதோடு பேசினார்.

"அஞ்சு ஊர்லயும் எங்க ஊருதான் சார் முதல். பாத்தீங்களா? மணிச் சத்தம் கூட இல்லை."

"பறவைங்க எங்க உக்காருது?"

"இன்னும் வரலை."

"வரலையா?"

"வரும் சார். நீங்கதானே சொன்னீங்க."

அருணகிரி அந்த வெயிலில் அப்படியே நின்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த வழியாகப் போனபோது, கல்மேட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நாலு ஊர்கள் ஐந்தானால் நன்றாயிருக்கும் என்று அவராகத்தான் மரத்தடியில் கூட்டம் சேர்த்தார். முறத்தின் கதையைச் சொன்னார். 'எங்களுக்கு ஏது சார் பறவை' என்று யாரோ கேட்டார்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் பறவை இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொன்னார். சத்தமில்லாத ஊரில் பறவை இறங்கும், பறவை இறங்குகிற ஊரில் தண்ணீர் வற்றாது. திருப்பிச் சொன்னபோது அத்தனை முகமும் மலர்ந்தது. அந்த முகங்களைப் பார்த்துவிட்டு அவரால் மறுபடி நேராகச் சொல்ல முடியவில்லை.

"மூணு வருஷமா வாயைக் கட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார் மாசிலாமணி. "எங்களை மாதிரி யாரும் இருக்க முடியாது. எழுதிக்குங்க. எங்க ஊர்ல அழுகைச் சத்தம் கூடக் கிடையாது."

"சாவு விழுந்தா?"

"விழுந்தாலும்தான். போன வருஷம் மாசியில அஞ்சலையோட பொண்ணு காய்ச்சல்ல போயிடுச்சு. எட்டு வயசு. ஒரே பொண்ணு. அவகிட்டேருந்து ஒரு சத்தம் வரணுமே! அவளாலதான் சார் எங்க விரதத்துக்கே பேரு."

அருணகிரி நோட்டை மூடினார்.

"அந்தம்மா வீடு எங்க இருக்கு?"

அஞ்சலை வீட்டில் அவர் அன்று மத்தியானம் சாப்பிட்டார். களியும் கீரைக் குழம்பும். அவள் பாத்திரத்தைத் திறந்தபோது மூடியை மடிமேல் வைத்துக்கொண்டாள், தரையில் வைத்தால் சத்தம் வரும் என்று. புருஷன் செங்கல் சூளையில் வேலைக்குப் போயிருந்தான். அவள் முப்பது வயதுக்காரி. எதுவும் கேட்காமலே இரண்டாம் உருண்டையை வைத்தாள்.

"நீ எப்பவும் இப்படித்தானாம்மா, பேசாம?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானா? இந்த ஊர்லயே நான்தாங்க வாயாடி. எங்க வீட்டுக்காரரு சந்தைக்குப் போறப்ப சொல்லுவாரு, மூணு மைலுக்கு உன் சத்தம் தொணைக்கு வருதுடின்னு."

சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அருணகிரி சாப்பிட்டு முடித்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அவளே பேசினாள்.

"தலைவரு மேல தப்பு சொல்ல மாட்டேங்க. அதட்டலை அவரு. கெஞ்சித்தான் கேட்டாரு. இத்தனை நாளு பொறுத்தது ஒரு நாள்ல போயிடும் தாயி, வர்ற பறவை திரும்பிடும், வைகாசி வரைக்கும் பொறுத்துக்கோ, அப்புறம் மூணு நாளு உக்காந்து அழு, ஊரே வந்து உங்கூட அழுவோம்னாரு. வெள்ளேரி அம்மா கதையைச் சொன்னாரு. அத்தனை குஞ்சு செத்தும் அந்தம்மா ஒரு சொட்டு விடலையாமே. நான் என்ன, அந்தம்மாவுக்கு மேலயா? முந்தானையைச் சுருட்டி வாய்ல வெச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"வைகாசி வந்துச்சு. சொன்ன சொல்லு தவறாம ஊரே வந்துச்சுங்க. என்னை நடுவுல உக்கார வெச்சு எல்லாரும் சுத்தி உக்காந்தாங்க. நான் வாயைத் திறந்தேன்."

தண்ணீர் செம்பு காலியாகியிருந்தது. அவள் அதைச் சாய்த்தபடியே நின்றாள்.

"வரலீங்க. அவங்கல்லாம் அழுதாங்க. மாரடிச்சு அழுதாங்க. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அருணகிரியின் கை ஈரமாகவே இருந்தது.

"பறவையும் வரலை. அதுவும் வரலை" என்றாள். "நீங்க படிச்சவங்க, எல்லாத்தையும் நோட்டுல எழுதறீங்க. ஒண்ணு கேக்கட்டுமா? அது திரும்ப வருங்களா?"

"பறவையா?"

"அழுகை."

இரண்டு நாள் நடந்து அவர் வெள்ளேரிக்குத் திரும்பினார். தையல்நாயகி சமாதியைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஏரிக்குள் குஞ்சுகள் பசிக்குக் கத்திக்கொண்டிருந்தன. ஊரை எழுப்புகிற சத்தம். அருணகிரி வருஷா வருஷம் கேட்ட சத்தம்தான். இன்றைக்குத்தான் அது இவ்வளவு பெரிய சத்தம் என்று தோன்றியது.

"படிங்க" என்றார் தையல்நாயகி.

ஓடைமேட்டைப் படித்தார். மாப்பிள்ளையைப் பெண் கிள்ளிய இடத்தில் அந்த அம்மாள் சிரித்தார். சிறுதாங்கலைப் படித்தார். "அந்த மாமியாரும் மருமகளும் நல்லா இருக்கட்டும்" என்றார். பனையடியைப் படித்தார். துடைப்பம் நின்றது.

அதற்கடுத்த பக்கத்தில் 'கல்மேடு' என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். அருணகிரி தலையைக் குனிந்தபடி, எழுதாததை வாயால் சொன்னார். தான் திருப்பிச் சொன்ன வாக்கியத்தையும் சொன்னார். அஞ்சலை கேட்ட கேள்வியையும் சொன்னார்.

தையல்நாயகி அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார்.

"என் கதையை அங்க எப்படிச் சொன்னீங்க?"

"எல்லா ஊர்லயும் சொல்ற மாதிரிதான்."

"சொல்லுங்க."

"எதுக்கும்மா இப்ப?"

"சொல்லுங்க. நான் கேட்டதில்லை."

அருணகிரி சொன்னார். அதிர்வேட்டு, சேறு, முறம், கோவில் வாசல். 'ஒரு வார்த்தை பேசலை' என்ற இடத்தில் அவர் குரல் தானாகவே இறங்கியது. அடுத்த வரியை அவரால் சொல்ல முடியவில்லை.

"மீதியையும் சொல்லுங்க."

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை."

தையல்நாயகி துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தார். கை கால் கழுவிக்கொண்டு வந்தார்.

"கிளம்புங்க."

"எங்கம்மா?"

"கல்மேட்டுக்கு."

"போய் என்னம்மா சொல்றது? விரதம் வேண்டாம்னு ஒரு ஊர்ல சொன்னா அஞ்சு ஊர்லயும் விட்டுடுவாங்க. மறுபடி வேட்டு வைப்பாங்க. மறுபடி குஞ்சுங்க விழும்."

"விழும்" என்றார் தையல்நாயகி. நடக்கத் தொடங்கிவிட்டிருந்தார்.

வழியில் பனையடியில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பம்புசெட்டுக் கொட்டகைக்குப் போய், அந்த மனிதரின் கட்டிலை ஒரு பக்கம் தூக்கினார். மறுபக்கத்தை அருணகிரி தூக்கினார். அந்த மனிதர் இருமிக்கொண்டே பின்னால் வந்தார். ஊர் தெருவில் நின்று பார்த்தது. யாரும் தடுக்கவில்லை. கட்டிலை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு இருவரும் மேலே நடந்தார்கள்.

இரண்டாம் நாள் கல்மேட்டுக்கு அவர்கள் போனபோது வெயில் ஏறியிருந்தது. தையல்நாயகியை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. அருணகிரியோடு வந்ததைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார்கள். பெண்கள் சத்தமில்லாமல் குடங்களை வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

அஞ்சலை வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். தையல்நாயகி அவளெதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் வெள்ளேரியிலேருந்து வர்றேன்."

அஞ்சலை பதறிப்போய் முறத்தைக் கீழே வைத்தாள். தையல்நாயகி அந்த முறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் பொண்ணு பேரு என்னம்மா?"

"செவ்வந்தி."

"எப்படி இருப்பா?"

அஞ்சலை சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. ஸ என்று சொல்லத் தெரியாது, காற்றுதான் வரும். ஆட்டுக்குட்டிக்குத் தன் ரிப்பனைக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு போவாள். கேட்டால், அதுக்கு யாரும்மா தலை பின்னுவா என்பாள்.

தையல்நாயகி அழுதார்.

அருணகிரி அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. வயிற்றிலிருந்து எழும்பி, தொண்டையில் உடைந்து, அந்த வெற்றுக் கல்வெளியில் போய் விழுந்தது. செவ்வந்தி என்று பெயர் சொல்லி அழுதார். ஊர் நடுங்கியது. மூன்று வருஷமாக விரத மாதங்களில் அங்கே அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை. துணி திணித்த மணிகளோடு ஆடுகள் மிரண்டு ஓடின.

அஞ்சலை எழுந்து வந்தாள். தையல்நாயகியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதீங்கம்மா" என்றாள். "அழாதீங்க. போனவ வரமாட்டா. அழாதீங்க."

அவள் கண்கள் காய்ந்தே இருந்தன.

மாசிலாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாரிடமிருந்து விரதம் வந்ததோ அவரையே எப்படித் தடுப்பது என்று தெரியாமல் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"அம்மா. பறவை வராம போயிடும்மா."

தையல்நாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வராதுங்க ஐயா."

"சத்தம் கேட்டதாலயா?"

அந்த அம்மாள் திரும்பினார். அருணகிரியைப் பார்த்தார். ஊரே அருணகிரியைப் பார்த்தது.

"இங்க தண்ணி இல்லை" என்றார் அருணகிரி. தன் குரலை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "தண்ணி இருக்கற இடத்துலதான் பறவை வரும். அன்னைக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

மாசிலாமணிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அருணகிரிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் அஞ்சலையைப் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தானே தாயி உன் வாயை அடைச்சேன்" என்றார்.

"விடுங்கண்ணே" என்றாள் அஞ்சலை. "ஒரு வாய் தண்ணி குடிக்கறீங்களா?"

அவள் உள்ளே போய் மூடி போட்ட செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவரெதிரே உட்கார்ந்து கொடுத்தாள். மூடியை, பழக்கத்தில், மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் புறப்பட்டார்கள். ஊர் எல்லை வரை அருணகிரி காதைத் தீட்டிக்கொண்டே நடந்தார். இப்போது வரும், இப்போது வரும் என்று நினைத்தார். கடைசி வேப்பமரம் கடந்தது. பின்னால் ஒரு ஆட்டு மணி அடித்தது. யாரோ துணியை எடுத்துவிட்டிருந்தார்கள். வேறு சத்தம் இல்லை.

வெகுதூரம் போன பிறகு கேட்டார்.

"அவ அழவே இல்லையேம்மா."

தையல்நாயகி நடந்துகொண்டிருந்தார்.

"நான் ஆத்தைத் தாண்டட்டுமா, வேண்டாமா?"

"தாண்டுங்க. அந்தப் பக்கமும் மரம் இருக்கு. குஞ்சு விழுது."

"என்ன சொல்லட்டும்?"

"கதையை முழுசா சொல்லுங்க."

"முழுசாத்தானேம்மா சொல்றேன். வாசல்ல முறத்தை வெச்சீங்க. திரும்பி நடந்தீங்க."

"நடந்து எங்க போனேன்?"

அருணகிரி நின்றுவிட்டார். ஏழு வருஷமாக, நூறு தடவைக்கு மேல், அவர் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை கூட அதற்கு மேல் போனதில்லை.

"தெரியலைம்மா."

"வீட்டுக்குப் போனேன். பொழுது சாயற வரைக்கும் அழுதேன்."

"எங்க யாருக்கும் கேக்கலையே அம்மா!"

"கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்" என்றார் தையல்நாயகி.